தக்காளிச் செல் ஏன் தன்னையே மாய்த்துக்கொள்கிறது?

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டாரத்தில் தக்காளி இலையில் பழுப்புப் புள்ளி கண்டாலே விவசாயி பதறுவார். ஆனால் எல்லாப் புள்ளியும் கிருமியின் வெற்றி அல்ல. சில, செடி தானே திட்டமிட்டுக் கொன்ற செல்கள்.

ஏன்? செடிக்கு ரத்தமில்லை, ஓடிவந்து காக்கும் வெள்ளையணுக்களும் இல்லை. தக்காளியைத் தாக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியா தொடக்கத்தில் உயிருள்ள செல்களிலிருந்து உணவெடுக்கிறது. காட்டுத் தீ பரவாமலிருக்க இடைவெளி வெட்டுவதுபோல, தாக்கப்பட்ட செல் மடிந்து அண்டைச் செல்களைக் காக்கிறது.

எப்படி? பாக்டீரியா ஊசி போன்ற உறுப்பால் ‘ஏவிஆர்-பிடிஓ’ புரதத்தைச் செல்லுக்குள் செலுத்தும். காட்டுத் தக்காளியிலிருந்து கிடைத்த ‘பிடிஓ’ புரதம் அதைப் பிடிக்கும். பிடிஓவின் மரபணு 1993-இல் பிரித்தெடுக்கப்பட்டது. ஏவிஆர்-பிடிஓ பிடிபட்டவுடன் ‘பிஆர்எஃப்’ புரதம் விழித்து ‘என்ஆர்சி’ புரதங்களை முடுக்கும். அவை வளையமாகக் கூடிச் செல்சவ்வை அடையும். கால்சியம் உள்ளே பாயும், செல் குலையும்.

நம் உடலில் நடக்கும் நெக்ரோப்டோசிஸ் என்ற திட்டமிட்ட செல் மரணமும் இதே பாணிதான். ‘ஆர்ஐபிகே3’ நொதி பாஸ்பேட் ஏற்றியதும், ‘எம்எல்கேஎல்’ புரதங்கள் திரண்டு சவ்வைக் கிழிக்கும். சிந்தும் உட்பொருள்கள் நோய் எதிர்ப்புச் செல்களை அழைக்கும்.

கிருமி தன் புரதத்தை மாற்றிக்கொண்டால் தக்காளியின் இந்தக் காவல் பொய்த்துவிடும். புதிய காவல் மரபணுக்களைத் தரக்கூடிய காட்டுத் தக்காளி இனங்களை நாம் அழியவிடக் கூடாது.