ஜெர்மன் மொழியில் 'யாருக்கு?'

'குழந்தைகளுக்கு' என்னும் சொல்லில் 'கள்' பன்மையைக் காட்டுகிறது. 'கு' நான்காம் வேற்றுமையைக் காட்டுகிறது. இவ்வொழுங்கிற்குப் பழகிய நாம் ஜெர்மன் மொழியைக் கற்கப் புகுந்தால் சற்றுத் திகைப்போம்.

அங்கே பன்மைக்குப் பொது விகுதி இல்லை. குழந்தையைக் குறிக்கும் 'கிண்ட்' பன்மையில் 'கிண்டர்' ஆகும். 'கிண்டர்கார்டன்' என்ற பெயரில் உள்ளது இச்சொல்லே. ஆப்பிளாகிய 'ஆப்ஃபெல்' முதலுயிர் திரிந்து 'எப்ஃபெல்' ஆகும். 'லேரர்' எனப்படும் ஆசிரியரோ ஒருவராயினும் பலராயினும் லேரரே! ஒவ்வொரு பெயரையும் அதன் பன்மையோடு சேர்த்து மனனம் செய்வதே நலம்.

'யாருக்கு' என்னும் பொருளை ஒருமையில் பெரும்பாலும் பெயர் சுமப்பதில்லை. அதன் முன் நிற்கும் சிறு சொல்லே சுமக்கிறது. 'டெம் கிண்ட்' என்றால் குழந்தைக்கு. முற்காலத்தில் பெயரும் ஈற்றில் ஓர் எகரம் பெறுவதுண்டு. பெர்லின் நாடாளுமன்ற மாளிகையின் முகப்பில் 1916-ஆம் ஆண்டு பொறித்த 'டெம் டாய்ச்சென் ஃபோல்கெ', அதாவது 'ஜெர்மன் மக்களுக்கு' என்னும் தொடரில் அவ்வெகரத்தை இன்றும் காணலாம்.

பன்மையிலோ பெயர் ஈற்றில் னகரம் பெறும்: 'டேன் கிண்டர்ன்', குழந்தைகளுக்கு. முன்பே னகர ஈறுடைய பன்மைகளும், 'அவுட்டோஸ்' போன்று ஸகரத்தில் முடியும் பன்மைகளும் விலக்கு.

இவ்வொற்றைச் சிறிதென்று எண்ணலாகாது. 'டேன்' என்னும் முற்சொல் இரண்டாம் வேற்றுமை ஆண்பால் ஒருமைக்கும் உரியது. 'டேன் லேரர்' என்றால் ஆசிரியரை; 'டேன் லேரர்ன்' என்றால் ஆசிரியர்களுக்கு. மொழிபெயர்க்கும் நாம் ஜெர்மன் சொற்களின் ஈற்றை இருமுறை பார்ப்பது இதனாலேயே.