கடற்பறவைக்குக் காட்டில் வீடு

வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில் 'மார்பிள்ட் மர்லெட்' என்னும் சிறு பறவை வாழ்கிறது. எடை ஏறத்தாழ 220 கிராம். கடலில் மூழ்கி மீன் பிடிப்பது இதன் தொழில். ஆனால் எங்கே முட்டையிடுகிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 1974இல் கலிபோர்னியாவில் மரமேறிய ஒருவர் தற்செயலாக இதன் கூட்டைக் கண்டார். எங்கே தெரியுமா? 45 மீட்டர் உயரத்தில், முதிய மரமொன்றின் கிளையில்! கூடு என்று சொல்வதே மிகை. பாசி மெத்தையில் ஒரு சிறு பள்ளம். அதில் ஒரே முட்டை இடும்.

ஏன் அவ்வளவு உயரம்? இதன் குட்டை இறக்கைகள் நீருக்குள் துடுப்பாக உதவுபவை. காற்றில் உடலைத் தாங்க வேண்டுமானால் மிக வேகமாகப் பறந்தாக வேண்டும். இறங்க அகன்ற கிளை வேண்டும். புறப்படும்போது கீழ்நோக்கி விழுந்து வேகம் பெற உயரமும் வேண்டும். அத்தகைய கிளை உருவாக நூறாண்டுகளுக்கு மேலாகும். மரம் அறுப்போர் அதுவரை காத்திருக்கவில்லை.

1992இல் கலிபோர்னியா, ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. படகில் சென்று கடலில் எண்ணுகிறார்கள். 2001க்குப் பின் வாஷிங்டனில் ஆண்டுக்குச் சுமார் 4 சதவீதம் குறைந்து வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அதே வீதத்தில் 17 ஆண்டுகளில் பாதியாகிவிடும்!

காக்கை இனப் பறவைகள் வேறு முட்டையைத் திருடுகின்றன. உல்லாசப் பயணிகள் சிந்தும் ரொட்டித் துண்டுகளே அவற்றைக் காட்டுக்குள் இழுக்கின்றன. அதனால் கலிபோர்னியாவின் செம்மரப் பூங்காக்களில், உணவில் ஒரு துணுக்கும் சிந்தாதீர்கள் என்று வருவோரிடம் கேட்டுக்கொள்கிறார்கள்.