புள்ளிக்கு இடம் விடாத பக்கங்கள்

ஆக்லாந்தின் கிழக்கே பாட்டனி டவுன்ஸில் வாழும் தமிழர் ஒருவரின் கைப்பேசியில் ஆங்கிலம், மாவோரி, தமிழ் மூன்றும் மாறி மாறி வரும். மாவோரியில் உயிரெழுத்தின் தலைமேல் இடும் சிறு கோடுதான் நெடிலைக் காட்டுகிறது. 'கெகெ' என்றால் கேக். இரண்டு உயிருக்கும் கோடு போட்டால் அக்குள். அந்தக் கோடு பல செய்தித்தளங்களில் நெடுங்காலம் விடுபட்டே வந்தது. 2017இல் ஸ்டஃப் தளம் அதைப் போடத் தொடங்கியது. சின்னக் குறியிலும் பொருள் இருக்கிறது என்று நியூசிலாந்து ஒப்புக்கொண்டதாகவே இதைக் கொள்கிறேன். தமிழ்ப் பக்கம் வடிவமைப்பவர்களும் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஓலை கிழிந்துவிடும் என்று ஏடெழுதியவர்கள் புள்ளி வைக்காமல் விட்டார்கள். 'க'வா 'க்'கா என்பதைப் படிப்பவரே ஊகித்துக்கொண்டார். அச்சு வந்தபின் நிலைபெற்ற அந்தப் புள்ளி, ஆங்கில அளவில் வெட்டிய இணையப் பக்கத்தில் மறுபடி மங்குகிறது. தமிழில் புள்ளியும் 'கீ'யின் சுழியும் மேலே ஏறும். 'மூ', 'து', 'ழ' கீழே இறங்கும். வரியுயரம் எழுத்தளவைப்போல் 1.2 மடங்குதான் என்றால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். என் கணிப்பில் தமிழுக்கு 1.6 முதல் 1.8 மடங்கு வேண்டும். தடித்த எழுத்தில் 'ணூ'வின் சுழிகள் அடைபட்டுப்போகின்றன. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வெழுத்தே கிடையாது. கேட்டால் உலாவி நேரெழுத்தையே தள்ளிச் சாய்த்துக் காட்டும். 'தெரிந்துகொள்ளவேண்டியவர்களுக்கு' போன்ற ஒரு சொல் கைப்பேசியில் ஏறக்குறைய ஒரு வரியையே அடைத்துவிடும். அந்த இடத்தில் இருபுறமும் ஓரம் சமன்செய்தால் மற்ற வரிகளில் சொல்லுக்குச் சொல் பள்ளம் விழும். இடப்புறம் மட்டும் ஒட்டவிடுவதே நல்லது.

விரலால் பெரிதாக்கிப் படித்துக்கொள்ளலாமே என்பார்கள். பெரிதாக்கினால் எழுத்தோடு நெரிசலும் சேர்ந்தே பெரிதாகும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் இழுக்கவும் வேண்டும். தனித் தமிழ் எழுத்துரு சேர்த்தால் பக்கம் கனக்கும் என்பது இன்னொரு தடை. பாட்டனி வட்டாரத்தில் பரவலாக வழங்கும் சீனத்துக்கு அது பொருந்தும். அங்கே எழுத்துகள் பல்லாயிரம். யூனிகோடில் தமிழ்ப் பகுதியிலோ 72 குறியீடுகள்தான். கூட்டெழுத்து வடிவங்களைச் சேர்த்தாலும் கோப்பு சிறியதே. எழுத்துருவைக் குறிப்பிடாவிட்டால் விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ என்று ஒரே பக்கம் கருவிக்குக் கருவி வேறு அளவில் தெரியும். தரவிதிகளைப் பின்பற்றினால் போதாதா என்ற கேள்வி நியாயமானது. நியூசிலாந்து அரசுத் தளங்கள் பின்பற்றும் உலக அணுகல் நெறிகள், எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற வேறுபாட்டைக் கேட்கின்றன; வாசகர் வரியுயரத்தை 1.5 மடங்காக மாற்றினாலும் பக்கம் சிதையக்கூடாது என்கின்றன. இரண்டும் தேவை. ஆனால் சாம்பல் நிறம் அந்தச் சோதனையில் தேறினாலும், 14 பிக்சல் மெல்லிய எழுத்தில் புள்ளி கரைந்துபோகலாம். அதைக் கண்டுபிடிக்க, 'கண்டிப்பாகக் கூட்டுறவுச் சங்கத்தின்' என்பதுபோல் புள்ளியும் சுழியும் வாலும் கலந்த நாலு வரியை இட்டு, விலைகுறைந்த கைப்பேசியில், வெயிலில், வயதானவர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும்.