பின்லாந்தில் வாடகை வீடு: விளம்பரம் முதல் சாவி ஒப்படைப்பு வரை

பின்லாந்தின் வாடகை விளம்பரங்கள் வீட்டின் அமைப்பை எழுத்துகளில் சுருக்கிச் சொல்லும். 'ஹெச்' என்றால் அறை, 'கே' சமையலறை, 'எஸ்' சௌனா எனப்படும் வெப்பக் குளியல் அறை. 'கே' இரட்டையாக வந்தால் தனிச் சமையலறை கிடையாது, அடுப்பு வைத்த சிறு மூலைதான். அறைக் கணக்கில் கூடமும் சேரும். எனவே '2 ஹெச்' என்பது ஒரு கூடமும் ஒரு படுக்கையறையும் கொண்ட வீடு. ஒற்றை அறை வீட்டை 'யுக்சியோ' என்பார்கள்.

வீட்டை நேரில் பார்க்காமல் பணம் அனுப்பக் கூடாது. அவசரப்படுத்தி முன்பணம் கேட்கும் போலி விளம்பரங்கள் அங்கும் உண்டு. உரிமையாளர் அமர்த்திய தரகர் வாடகைதாரரிடம் கட்டணம் வசூலிக்கச் சட்டத்தில் இடமில்லை. வாடகைக்கு விடுபவர்கள், விண்ணப்பித்தவர் கடனை ஒழுங்காகக் கட்டியவரா என்று பதிவேட்டில் பார்ப்பது வழக்கம். புதிதாக வந்தவருக்கு அந்த நாட்டில் அப்படிப் பழைய கணக்கு எதுவும் இருக்காது. வேலை ஒப்பந்தமோ கல்லூரிச் சேர்க்கைக் கடிதமோ அந்தக் குறையை ஈடுகட்டும். மாணவர்களுக்குத் தனி வீட்டுவசதி அமைப்புகள் உண்டு. ஹெல்சிங்கி வட்டாரத்தில் 'ஹோஆஸ்' அப்படிப்பட்டது.

வாடகை உறவை நடத்துவது 1995ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம். அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது அது. கையெழுத்திடும் முன் கவனிக்க வேண்டியது ஒப்பந்தத்தின் வகை. 'தொய்ஸ்தைசெக்சி' என்றிருந்தால் அது முடிவு தேதி இல்லாதது. முறைப்படி அறிவிப்புக் கொடுத்து விலகலாம். 'மாராஐகைனென்' என்றால் காலவரையறை உள்ளது. ஓராண்டுக்கு ஒப்புக்கொண்டவர் பாதியில் கிளம்பினாலும் பொதுவாகப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. எவ்வளவு காலம் தங்கப்போகிறோம் என்று தெரியாதவருக்கு முதல் வகையே பாதுகாப்பு.

சாவி கைக்கு வரும்போது வீடு பெரும்பாலும் காலியாக இருக்கும். அடுப்பும் குளிர்பதனப் பெட்டியும் இருக்கும். கட்டில், திரைச்சீலை, பல சமயம் கூரை விளக்குகூட இருக்காது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே உள்ள அலமாரியைத் திறந்தால் அடித்தட்டு இல்லாமல் கம்பி அடுக்குகள் மட்டும் தெரியும். அது உடைசல் அல்ல. கழுவிய தட்டுகளை அதில் செருகிக் கதவை மூடிவிட்டால் தண்ணீர் கீழே தொட்டியில் சொட்டிவிடும். 1940களில் மையு கெப்ஹார்ட் என்ற பெண்மணி மேம்படுத்திய இந்த அலமாரி, பின்லாந்துச் சமையலறைகளின் அடையாளம்.

குடியேறும் அன்றே சுவர்க் கீறல், தரைக் கறை எல்லாவற்றையும் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவைப்பது நல்லது. பின்னாளில் அட்வான்ஸ் பற்றித் தகராறு வந்தால் அதுவே சாட்சி. அடுக்குமாடி வீடுகளில் வெப்பமூட்டும் செலவு பெரும்பாலும் வாடகையிலேயே அடங்கியிருக்கும். தண்ணீருக்கு ஆள் கணக்கிலோ மீட்டர் கணக்கிலோ தனியாகக் கட்ட வேண்டும். மின் இணைப்பு ஒப்பந்தத்தை வாடகைதாரரே முன்கூட்டிப் போட வேண்டும். வீட்டுக் காப்பீடு எடுக்கச் சொல்லியும் பல உரிமையாளர்கள் கேட்பார்கள். முகவரி மாற்றத்தை, குடிபோவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, குடிபோன ஒரு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். வாசற்கதவில் பெயர் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தபால்காரர் கதவின் துவாரம் வழியே கடிதம் போடும் கட்டடங்களில் அந்தப் பெயர்தான் முகவரி.

பல கட்டடங்களில் துணி துவைக்கும் அறையும் சௌனாவும் பொது. துவைக்கும் அறைக்கு நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். சௌனாவில் சிறு மாதக் கட்டணத்துக்கு வாரம் ஒரு மணி நேர முறை கிடைக்கும். இரவு 10 முதல் காலை 7 வரை அமைதி காப்பது பரவலான விதி.

காலி செய்யும்போது நாட்காட்டியைப் பார்த்து நடக்க வேண்டும். வாடகைதாரர் தரும் ஒரு மாத அறிவிப்பு, கொடுத்த நாளிலிருந்து அல்ல, அந்த மாதத்தின் கடைசி நாளிலிருந்து எண்ணப்படும். மார்ச் 10இல் எழுதிக் கொடுத்தால் ஒப்பந்தம் முடிவது ஏப்ரல் 30இல். உரிமையாளர் காலி செய்யச் சொன்னால் மூன்று மாதம். வாடகைதாரர் ஓராண்டு குடியிருந்துவிட்டால் ஆறு மாதம். ஒப்பந்தம் முடிந்த பின் வரும், விடுமுறை அல்லாத நாளே சட்டப்படி வீடு மாறும் நாள். அன்று வீட்டின் பாதியையும் மறுநாள் முழுவதையும் ஒப்படைக்க வேண்டும். மே 1 அங்கே விடுமுறை என்பதால், மார்ச் 10இல் அறிவிப்புக் கொடுத்தவர் அதற்கும் பிறகுதான் பெட்டி கட்டுவார்.

வீட்டைத் துடைத்துச் சுத்தமாக்கி, வாங்கிய சாவிகள் அனைத்தையும் எண்ணித் தர வேண்டும். ஒன்று தொலைந்தாலும் பூட்டை மாற்றும் செலவு வாடகைதாரர் தலையில் விழலாம். புழக்கத்தால் வரும் இயல்பான தேய்மானத்துக்காக அட்வான்ஸில் கைவைக்க முடியாது. பேசித் தீராவிட்டால் நுகர்வோர் தகராறு வாரியத்திடம் முறையிடலாம்.