சுட்டது யார், சுடச் சொன்னது யார்?

2018 மே 22. ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை மூடக் கோரித் தூத்துக்குடி மக்கள் நடத்திய போராட்டத்தின் நூறாவது நாள். 144 தடை உத்தரவு போடப்பட்டிருந்தும் ஆயிரக்கணக்கானோர் குடும்பம் குடும்பமாக ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி நடந்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் 17 வயது மாணவி.

ஆலையின் கதை முடிந்துவிட்டது. சம்பவம் நடந்த ஆறாம் நாளே, மே 28 அன்று, ஆலையை நிரந்தரமாக மூடத் தமிழக அரசு ஆணையிட்டது. அதை எதிர்த்து, ஆலையை நடத்திய வேதாந்தா நிறுவனம் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போனது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றமும் அதன் மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆனால், பறிபோன உயிர்களுக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. சுட்டதற்காகவோ, சுடச் சொன்னதற்காகவோ ஒரு காவல் அதிகாரிகூட இதுவரை தண்டிக்கப்படவில்லை. ஆலைக்குக் கடைசித் தீர்ப்புவரை கிடைத்துவிட்ட நாட்டில், துப்பாக்கிக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை?

ஆணையம் கண்டது என்ன?

அன்று வன்முறையே நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கல்வீச்சு நடந்தது, வாகனங்கள் எரிந்தன, ஆட்சியர் அலுவலக வளாகம் தாக்கப்பட்டது, போலீஸாரும் காயம்பட்டார்கள். எனவேதான், யார் எந்த நேரத்தில் எங்கே நின்றபோது சுடப்பட்டார்கள் என்பதைத் துல்லியமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பார்த்தார்கள். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையிலான ஒரு நபர் ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. 2022 மே மாதம் முதல்வரிடம் தரப்பட்ட இறுதி அறிக்கை, அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அதில் உள்ளவற்றைப் படித்தால் நெஞ்சு பதறும். கூட்டத்துக்கு முறையான எச்சரிக்கை தரப்படவில்லை. ஆட்சியர் அலுவலகப் பூங்காவில் மறைந்துகொண்டு, தப்பி ஓடியவர்கள் மீது போலீஸார் சுட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு காவலரை வெவ்வேறு இடங்களுக்கு அழைத்துப்போய்ச் சுட வைத்திருக்கிறார்கள்; அவர் மட்டும் 17 ரவுண்டு சுட்டிருக்கிறார்.

உடல்களும் சாட்சி சொல்கின்றன. பிரேதப் பரிசோதனை அறிக்கைகளை ஆராய்ந்து ராய்ட்டர்ஸ் நிறுவனம் 2018 டிசம்பரில் செய்தி வெளியிட்டது. இறந்த 13 பேரில் 12 பேருக்குத் தலையிலோ மார்பிலோ குண்டு பாய்ந்திருந்தது. அவர்களில் பாதிப் பேர் பின்னாலிருந்து சுடப்பட்டிருந்தார்கள். வேறு வழியே இல்லாமல் சுட நேர்ந்தாலும் இடுப்புக்குக் கீழேதான் குறி வைக்க வேண்டும் என்று போலீஸாருக்குப் பயிற்சியிலேயே சொல்லித்தரப்படுகிறது. முதுகைக் காட்டி ஓடுகிறவரால் யாருக்கு என்ன ஆபத்து வந்துவிடப்போகிறது?

தென்மண்டல ஐ.ஜி. தொடங்கிக் காவலர்கள் வரை 17 போலீஸார், அன்றைய ஆட்சியர், மூன்று துணை வட்டாட்சியர்கள் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்று ஆணையம் பரிந்துரைத்தது. அறிக்கை வெளியானதும் ஓர் ஆய்வாளரும் மூன்று காவலர்களும் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். ஏணியின் கீழ்ப்படியில் நின்றவர்கள் மீதுதான் முதலில் கை வைத்தார்கள்.

கைமாறும் பொறுப்பு

சட்டவிரோதமாகக் கூடியவர்களைக் கலைக்க உத்தரவிடும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கும் காவல் அதிகாரிக்கும் உண்டு. தூத்துக்குடியில் சுடுவதற்கான உத்தரவு, நிர்வாக நடுவர்கள் என்ற முறையில் துணை வட்டாட்சியர்கள் பெயரில் பதிவானது. களத்தில் நின்ற உயர் அதிகாரிகள் ஐ.பி.எஸ்.கள், காகிதத்தில் கையெழுத்து துணை வட்டாட்சியருடையது. சுட்டவரைக் கேட்டால் ‘மேலிட உத்தரவு’ என்பார். மேலிடத்தைக் கேட்டால் ‘நடுவரின் உத்தரவு’ என்பார்கள். நடுவரைக் கேட்டால் ‘நிலைமை அப்படி இருந்தது’ என்பார்.

இந்தக் கைமாற்றலுக்குச் சட்டமே துணை நிற்கிறது. கூட்டத்தைக் கலைக்கும்போது நல்லெண்ணத்துடன் செயல்பட்ட அதிகாரியும், கீழ்ப்படிந்தே ஆக வேண்டிய உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவரும் குற்றம் செய்தவர்களாகக் கருதப்பட மாட்டார்கள் என்றது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 132-வது பிரிவு. அரசின் முன் அனுமதி இல்லாமல் அவர்கள் மீது வழக்கும் தொடர முடியாது. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இதே பாதுகாப்பு 151-வது பிரிவாகத் தொடர்கிறது. அரசு ஊழியர்கள் மீது வழக்குத் தொடர்வதற்கான பொதுவான அனுமதியைப் பற்றிப் பேசும் 218-வது பிரிவில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது: 120 நாள்களில் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும். ஆனால், கூட்டத்தின் மீது சுட்டவர்களுக்கான 151-வது பிரிவில் அந்தக் கெடு இல்லை. கோப்பு எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் மேசையில் கிடக்கலாம்.

நீதிமன்றத்தில் செல்லாத உண்மை

போலீஸ் நடவடிக்கையில் உயிர்கள் பறிபோனால் விசாரணை ஆணையம் அமைப்பது தமிழகத்தில் வழக்கமாகிவிட்டது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணி ஆற்றங்கரையில் 17 பேர் உயிரிழந்தபோது நீதிபதி மோகன் ஆணையம் அமைக்கப்பட்டது. 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது நீதிபதி சம்பத் ஆணையம் அமைக்கப்பட்டது. இரண்டுமே பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறுதல் தரவில்லை. தூத்துக்குடி ஆணையம் போலீஸ் மீது வெளிப்படையாகக் குற்றம் கண்டது. அப்படிக் கண்டும் என்ன நடந்தது?

1952-ஆம் ஆண்டின் விசாரணை ஆணையச் சட்டப்படி ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. அதன் முன் ஒருவர் சொன்ன வாக்குமூலத்தை, பொய்ச் சாட்சி வழக்கைத் தவிர, அவருக்கு எதிராக வேறு எந்த வழக்கிலும் பயன்படுத்தவும் முடியாது. நான்கு ஆண்டுகள் திரட்டிய உண்மை, குற்றவியல் நீதிமன்றத்தின் வாசலிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே செல்லக்கூடியது போலீஸ் அல்லது சி.பி.ஐ. திரட்டும் சாட்சியம் மட்டும்தான்.

அங்கேதான் பெரிய ஏமாற்றம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் 2018 ஆகஸ்டில் வழக்குகள் சி.பி.ஐ.க்குப் போயின. அதன் குற்றப்பத்திரிகையில் போராட்டக்காரர்கள் ஏராளமானோர் எதிரிகளாகச் சேர்க்கப்பட்டார்கள். காவல்துறை தரப்பிலிருந்து ஒரே ஓர் ஆய்வாளர் மட்டும் இடம்பெற்றார். ஆணையம் கண்ட 17 பேர், குற்றப்பத்திரிகையில் ஒருவராகச் சுருங்கிப்போனார்கள். தானாக முன்வந்து விசாரித்த தேசிய மனித உரிமை ஆணையமோ, அதே ஆண்டு அக்டோபரிலேயே கோப்பை மூடிவிட்டது.

தண்டிக்கவே முடியாதா?

முடியும். உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில் உள்ள ஹாஷிம்புராவில், 1987-ஆம் ஆண்டு இதே மே 22 அன்று, நிராயுதபாணிகளான முஸ்லிம் ஆண்களை ஆயுதப்படைப் போலீஸார் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். 2015-ல் விசாரணை நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. 2018 அக்டோபர் 31 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து 16 போலீஸாருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. நீதி கிடைக்க 31 ஆண்டுகள் ஆயின. தூத்துக்குடியின் தாய்மார்களால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது.

வழியும் நமக்குத் தெரியும். ‘என்கவுன்ட்டர்’ மரணங்களுக்காக உச்ச நீதிமன்றம் 2014-ல், மனித உரிமை அமைப்பான பி.யூ.சி.எல். தொடுத்த வழக்கில் 16 நெறிமுறைகளை வகுத்தது. எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும். சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையத்தின் குழுவோ விசாரிக்க வேண்டும். நடுவர் விசாரணை நடக்க வேண்டும். சுட்டவர்கள் ஆயுதங்களைத் தடயவியல் ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும். தனி ஒருவரைச் சுட்டால் இத்தனை கேள்வி உண்டென்றால், கூட்டத்தைச் சுட்டாலும் அத்தனையும் உண்டு என்று சட்டம் தெளிவாகச் சொல்லட்டும். 120 நாள் கெடுவை 151-வது பிரிவிலும் சேர்க்கட்டும். சுடும் உத்தரவு யாருடையது, எத்தனை மணிக்கு, எந்த இடத்துக்கு என்பது அன்றைக்கே நீதிமன்றத்தின் கைக்குப் போகட்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் தமிழக அரசு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஆணையம் சுட்டிக்காட்டிய 17 பேர் மீதும் குற்றவியல் விசாரணை நடக்க, அரசே நீதிமன்றத்தின் படியேற வேண்டும். தேவையான முன் அனுமதியைத் தாமதமின்றித் தர வேண்டும். இழப்பீடு கொடுத்தாயிற்று, வாரிசுகளுக்கு வேலையும் கொடுத்தாயிற்று என்பது நீதிக்கு ஈடாகாது. அந்த மக்கள் பணம் கேட்டுப் போராடவில்லை. பிள்ளைகளைச் சுட்டவர்கள் கூண்டில் ஏற வேண்டும் என்று கேட்கிறார்கள். எந்தக் கட்சி ஓட்டுக் கேட்டு வந்தாலும், ‘அந்த 17 பேர் மீது என்ன செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். நாம் கேட்காவிட்டால் அடுத்த ஊர்வலத்திலும் துப்பாக்கி பேசும்.