செம்மண் பொட்டலம்

ஜெகதாப்பட்டினத்திலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே போய் உள்ளே திரும்பினால் ஓரியூர். 1693 பிப்ரவரி 4-ல் ஜான் டி பிரிட்டோ - நம்ம அருளானந்தர் - தலை வெட்டப்பட்ட ஊர். அந்தச் செம்மண்ணைப் பொட்டலம் கட்டி வருகிறவர்கள் ஏராளம்.

இந்தக் கதையில் இன்னொரு ஹீரோ உண்டு. மறவர் சீமையின் தடியத்தேவர். நோய் தீர்ந்ததும் ஞானஸ்நானம் கேட்டார். ஒரே மனைவியோடுதான் வாழ வேண்டும் என்பது சாமியாரின் நிபந்தனை. சம்மதித்து, மற்ற மனைவியரை விலக்கினார். அதில் ஒருவர் சேதுபதிக்கு உறவுப் பெண். வந்தது வினை! சாமியார் தலை போயிற்று.

மண் எடுப்பது சுலபம் சார். ஞாயிறு பூசையில் முழங்கால். திங்களன்று ஆபீஸில் மேஜைக்கடியில் கை!

ஓரியூர் போய் வந்தவரிடம் 'மண் எடுத்தியா?'ன்னு கேட்கிறோம். 'எதை விட்டுட்டு வந்தே?'ன்னு கேட்டுப் பாருங்களேன்!