கள்ளக்குறிச்சிக்கு 42 பைட்

2019 நவம்பர் 26. விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கிய நாள். பெயர்ப்பலகையில் ஊர்ப் பெயரை எழுதப் பெயின்டும் தூரிகையும் போதும். கணினியின் தரவுத்தளத்தில் அதே பெயர் பிழையின்றி நிற்க வேண்டுமானால், கண்ணுக்குத் தெரியாத சில அமைப்புகள் சரியாக இருக்க வேண்டும்.

கள்ளக்குறிச்சி என்ற பெயரில் நமக்கு 8 எழுத்துகள். யூனிகோடு கணக்கில் புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனி. ஆகவே 14 குறிகள். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் மொத்தம் 42 பைட். பெயருக்கு 10 குறி போதும் என்று யாராவது அளவு வைத்திருந்தால், கண்டிப்பு முறை அணைந்திருக்கும் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் அதை 'கள்ளக்குறி' என்று வெட்டிவிடும்.

மைஎஸ்கியூஎல்லில் 8.0 பதிப்புக்கு முன்புவரை இயல்பான எழுத்துத் தொகுதி 'லத்தீன்1'. அதில் தமிழுக்கு இடமே இல்லை. பழைய சர்வரில் கவனிக்காமல் விட்டால் கல்வராயன் மலை ஊர்களான வெள்ளிமலையும் சேராப்பட்டும் கரியாலூரும் வெறும் கேள்விக்குறிகளாகப் பதிவாகலாம். அப்படிப் பதிவானபின் அமைப்பைத் திருத்தினாலும் பெயர் திரும்பாது. பெயரை மறுபடி உள்ளிட்டால் மட்டுமே மீட்க முடியும்.

முதலில் பாருங்கள்

இதைச் சோதிக்கப் பெரிய மென்பொருள் வேண்டாம். கறுப்புத் திரையில் கட்டளை வரி போதும். எழுத்து மட்டுமே போய்வருவதால், கல்வராயன் மலைமேல் சிக்னல் மெலிந்த இடத்திலிருந்தும் கீழே உள்ள சர்வரைத் தொட முடியும்.

மைஎஸ்கியூஎல்லுக்குள் நுழைந்து 'ஷோ வேரியபிள்ஸ்' கட்டளையைக் கொடுத்து, 'கேரக்டர் செட்' என்று தொடங்கும் அமைப்புகளை மட்டும் கேளுங்கள். உங்கள் கணினி அனுப்பும் எழுத்துமுறை, இணைப்பின் எழுத்துமுறை, விடையின் எழுத்துமுறை, தரவுத்தளத்தின் எழுத்துமுறை, சர்வரின் எழுத்துமுறை எல்லாம் வரிசையாக வரும். இந்த ஐந்திலும் 'யுடிஎஃப்8எம்பி4' இருப்பது நல்லது. திரையில் கண்டதை ஒரு தாளில் குறித்துவையுங்கள். மாற்றியது சரிப்படாவிட்டால் திரும்பிவர அந்தத் தாள்தான் வழி.

மாற்றம் எதுவரை?

'செட் செஷன்' என்று மாற்றினால் அந்த இணைப்போடு சரி. 'செட் குளோபல்' என்றால் அதன்பின் வரும் இணைப்புகளுக்கு எல்லாம் பொருந்தும். ஆனால் மின்சாரம் போய் சர்வர் மறுபடி எழுந்தால் பழைய மதிப்பே வந்து உட்காரும். 2018இல் வந்த 8.0 பதிப்பின் 'செட் பெர்சிஸ்ட்' மாற்றத்தைக் கோப்பிலும் எழுதிவைப்பதால் அது நிலைக்கும். ஏற்கெனவே உள்ள அட்டவணைகள் இவை எதற்கும் அசையாது. அவற்றைத் தனியாக மாற்ற வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருள் இன்னும் கண்டிப்பானது: தரவுத்தளத்தை உருவாக்கும்போது கொடுத்த எழுத்துமுறையைப் பிறகு மாற்ற முடியாது. புதிதாக ஒன்றை உருவாக்கித் தரவைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

'எம்பி4' ஏன்?

மைஎஸ்கியூஎல்லின் பழைய 'யுடிஎஃப்8' 3 பைட்டுக்கு மேல் ஏற்காது. அன்றாடத் தமிழுக்கு அது போதும். பழைய நிலப் பத்திரங்களில் வரும் மா, காணி, முந்திரி? அதாவது 20இல் ஒன்று, 80இல் ஒன்று, 320இல் ஒன்று. இந்தப் பின்னக் குறிகள் யூனிகோடில் ஏறியது 2019 மார்ச்சில், கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்த அதே ஆண்டு. அவை ஒவ்வொன்றுக்கும் 4 பைட் வேண்டும். பத்திரத்தில் உள்ளதை உள்ளபடியே கணினியில் ஏற்ற விரும்புகிறவர்களுக்கு 'எம்பி4' இல்லாமல் முடியாது.

கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அங்குள்ள பழங்குடி மக்களுக்குப் பட்டாவிலும் சாதிச் சான்றிதழிலும் தங்கள் பெயரும் ஊர்ப் பெயரும் சரியாக இருப்பது வாழ்வுரிமை. ஒரு எழுத்து பிசகினால் மலையிறங்கி அலைய வேண்டியவர்கள் அவர்கள்தான்.

இந்த மாவட்டத்தில் எந்தத் தரவுத்தளத்தைப் பராமரிப்பவராக இருந்தாலும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்றே கட்டளை வரியைத் திறந்து எழுத்துத் தொகுதியைப் பாருங்கள். பேக்கப் எடுத்தபின் மாற்றுங்கள். மாற்றியதும் 'கள்ளக்குறிச்சி' என்று ஒரு முறை உள்ளிட்டு, சர்வரை நிறுத்தி எழுப்பி, அதே பெயர் திரும்பி வருகிறதா என்று சரிபாருங்கள். அதன்பிறகே மக்களின் பெயரை அதில் ஏற்றுங்கள்.